கல்லறை முற்றத்துப் பெருநாள்

பெருநாளைக்கு எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். கெய்ரோவில் காசுள்ளவர்கள் கடற்கரைக்குப் போவார்கள். கொஞ்சம் காசுள்ளவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு பூங்காவுக்குப் போவார்கள். நாங்கள் கல்லறைக்குப் போவோம். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அங்கே நுழைவுச் சீட்டு கிடையாது, நாற்காலிக்கு வாடகை கிடையாது. நான்கு பக்கமும் சுவர், நடுவில் நிழலுக்கு ஓர் இலந்தை மரம். முக்காட்டை உருவிப் போட்டுவிட்டுப் பெண்கள் காலை நீட்டி உட்கார இந்த ஊரில் வேறு இலவச இடம் இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

இமாம் ஷாஃபி தர்கா பக்கத்துப் பழைய கல்லறைகளின் நடுவே எங்கள் குடும்பத்துக்கு ஒரு முற்றம் இருந்தது. இரும்புக் கதவு, இரண்டு சின்ன அறைகள், கல் பாவிய தரை. தரைக்குக் கீழே ஆண்களுக்கு ஒரு நிலவறை, பெண்களுக்கு ஒரு நிலவறை. செத்தவர்கள் கீழே படுத்திருப்பார்கள், நாங்கள் மேலே பாய் விரித்துச் சாப்பிடுவோம். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். பெருநாள் தொழுகை முடிந்ததும் கூடை தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். கபர் வாசலில் ஓதுகிறவருக்கு ஒரு ரொட்டி, அந்தத் தெருப் பிள்ளைகளுக்குக் கை நிறையப் பேரீச்சை, கல்லுக்கு மேலே ஒரு கொத்துத் துளசி. அதற்குப் பிறகு பொழுது முழுக்க எங்களுடையது.

நான் ரதீபா. புருஷனை விட்டு வந்து அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவள். நான் சொல்லவந்தது என்னைப் பற்றி அல்ல, என் மதினி இன்ஷிராவைப் பற்றி.

அவள் ஊரின் இன்னொரு கோடியில், ஷுப்ராவில் பிறந்தவள். அந்தப் பக்கத்தில் பெருநாள் என்றால் புதுச் சட்டையும் ஆற்றங்கரையும்தான். கல்யாணம் ஆகி வந்த முதல் பெருநாள் காலையில் என் அண்ணன் லுத்ஃபி, "கிளம்பு, கல்லறைக்குப் போறோம்" என்றான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கல்யாணம் ஆகி ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள கொண்டுபோய்ப் புதைக்கப் போறியா?"

"அங்க எங்க வாப்பா இருக்காரு. உன்னப் பாக்கணும்ல."

"உங்க வாப்பா செத்துட்டாருன்னுல்ல சொன்னாங்க?"

"அதான் அங்க இருக்காரு."

வழி முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே நுழைந்து இரும்புக் கதவைச் சாத்தியதும் நான் முக்காட்டைக் கழற்றினேன், அப்போது உயிரோடு இருந்த என் உம்மா செருப்பைக் கழற்றினாள். இன்ஷிரா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அவளும் முக்காட்டை அவிழ்த்துக் கூந்தலை உலுப்பி மரத்தடியில் உட்கார்ந்தாள். சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது, "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே" என்று என்னைக் கெஞ்சினவள் அவள்தான். எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும். கதவைத் திறந்தால் அடுத்த வீட்டுக் கதவு இடிக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு வந்தவளுக்கு ஆகாயத்தோடு ஒரு முற்றம் கிடைத்தால் விடுவாளா?

அவளுக்கு வேலை, ரயிலடி வாசலில் காய்கறி விற்பது. சும்மா காய்கறி இல்லை. சுரைப்பிஞ்சைக் குடைந்து வைத்திருப்பாள், பட்டாணி உரித்து வைத்திருப்பாள், திராட்சை இலையைச் சுருட்டி அடுக்கியிருப்பாள். அலுவலகம் விட்டு வருகிற பெண்கள் வாங்கிப்போய் அப்படியே அடுப்பில் ஏற்றிவிடலாம். அண்ணன் மாடிப்படிக்குக் கீழே இஸ்திரிக் கடை போட்டிருந்தான். இரண்டு பேரும் மாடாய் உழைத்தும் மாசக் கடைசியில் ஒன்றும் தேறாது. ஆனால் வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் இன்ஷிரா பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கமாட்டாள். எங்கே காசில்லாமல் உட்காரலாம் என்று ஊரையே மோப்பம் பிடித்து வைத்திருந்தாள். ஒரு வாரம் ஆற்றுப் பாலத்து நடைபாதை, ஒரு வாரம் ஏதாவது வலியுல்லா பெயரில் தர்காவில் நடக்கிற திருவிழா, ஒரு வாரம் சாமான் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "அந்தக் கட்டில் எனக்கு, இந்த விளக்கு உனக்கு" என்று பங்கு பிரிப்பது. கட்டணப் பலகை கண்ணில் பட்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். போகிற போக்கில், "உள்ள ஒண்ணுமே இல்ல, நான் பாத்திருக்கேன்" என்று பிள்ளைகளிடம் கூசாமல் பொய் சொல்வாள்.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் ஹயாம், வாப்பா மாதிரி அமைதி. சின்னவன் ஸியாத், உம்மா மாதிரி வாய். திருவிழா, பாலம் எல்லாவற்றையும்விட அவனுக்கு முற்றம்தான் பிடிக்கும். இலந்தை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு பழத்தைக் கல்லின் மேல் போடுவான். "யாருக்குடா போடுற?" என்றால், "தாத்தாவுக்கு" என்பான். "அவருக்குப் பல்லு இல்லடா" என்று நான் சொல்வேன். "அப்ப கொட்டைய எடுத்துட்டுப் போடுறேன்" என்று சப்பிவிட்டுப் போடுவான்.

ஆறு வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். கழுத்து விறைத்தபோது தூக்கிக்கொண்டு ஓடினோம். விடிவதற்குள் முடிந்துவிட்டது. ஆண்கள் அவனைக் கொண்டுபோய் எங்கள் முற்றத்தில், ஆண்களுக்கான நிலவறையில், தாத்தா பக்கத்தில் படுக்க வைத்தார்கள்.

அடுத்த பெருநாள் வந்தது. கல்லறைக்குப் போவோமா என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. அண்ணன் கடைக்குள் போய்த் துணி இல்லாத மேசையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இன்ஷிரா கூடையை எடுத்து வைத்து அவித்த முட்டை, வெங்காயத்தாள், பெருநாள் பிஸ்கோத்து எல்லாம் அடுக்கினாள். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள்.

"என்ன எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கீங்க? அவன் முன்னாடியே போய் உக்காந்திருக்கான். நாமதான் லேட்டு."

அன்றைக்கு அவள் பாயை வழக்கமான மரத்தடியில் போடவில்லை. நிலவறை வாசலை மூடியிருந்த கல்லை ஒட்டிப் போட்டாள். ஹயாமுக்குத் தலை பின்னினாள், அண்ணனுக்கு முட்டை உரித்துக் கொடுத்தாள், தெருவில் நடந்ததையெல்லாம் கதை கதையாகச் சொன்னாள். எங்களிடம் சொல்கிற மாதிரிதான் இருக்கும். கண் மட்டும் கல்லின் மேல் இருக்கும். சாயங்காலம் எழுந்தபோது அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. அதன் பிறகு அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பெருநாளுக்கு மட்டும் போனவர்கள் மாதம் தவறாமல் போக ஆரம்பித்தோம். சிலர், "பைத்தியம் பிடிச்சிருச்சு" என்றார்கள். எனக்குத் தெரியும், அவளைப் பைத்தியம் பிடிக்காமல் வைத்திருந்ததே அந்த முற்றம்தான். மாதம் முழுக்கச் சுரைப்பிஞ்சு குடைந்தது, திட்டு வாங்கினது, பேசாமல் இருந்தது எல்லாம் அந்த ஒரு நாளுக்காக. இரண்டு பிள்ளைகளும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிற நாள் அவளுக்கு அது ஒன்றுதான்.

பிறகு பெரியவாப்பா மஹ்ரூஸ் செத்துப்போனார். என் வாப்பாவின் அண்ணன், எங்களுக்குக் கீழ்த்தளத்தில் இருந்தவர். பிள்ளைகளின் பந்து அவர் பால்கனியில் விழுந்தால் கத்தியால் கிழித்துத்தான் திருப்பிப் போடுவார். இறந்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்லவில்லை, பந்துகள் சொல்லும். ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனபோது பெண்கள் நாங்களும் பின்னாலேயே முற்றத்துக்குப் போயிருந்தோம். கல்லறைக் காவலர் ஹனஃபி நிலவறைக் கல்லை நகர்த்தப் போனார். இன்ஷிரா அத்தனை ஆண்களையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அந்த மனுஷன எம் புள்ள பக்கத்துல போடாதீங்க."

அண்ணன், "இன்ஷிரா, மையத்துக்கு முன்னாடி என்ன பேச்சு" என்று பல்லைக் கடித்தான்.

"அவரு செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவான். இப்ப எங்க போய் ஒளிவான்? வேற எடத்துல போடுங்க, இல்ல என்னயும் சேத்துப் போடுங்க."

ஹனஃபி அந்தக் கல்லறைகளுக்கு நடுவிலேயே குடியிருக்கிறவர், எங்கள் மூன்று தலைமுறையைக் கீழே இறக்கியவர். அவளை ஒரு மகளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கவலப்படாதம்மா. பெரியவர அந்தக் கோடியில படுக்க வைக்கிறேன். உம் புள்ளய நான் அசைக்கவே மாட்டேன்."

"அல்லாஹ் மேல சத்தியமா?"

"சத்தியமாம்மா."

அவர் உள்ளே இறங்கினார். ஏறி வரும்போது தாடியெல்லாம் மண்ணாக இருந்தது. "எல்லாம் ஒழுங்கா இருக்கு" என்றார். அவள் அவர் கையை முத்தமிட்டாள்.

அதற்குப் பிறகுதான் சாலை வந்தது. ஒரு மாதம் போனபோது அந்த வரிசைச் சுவர்களில் எல்லாம் சிவப்பு மையில் எண் போட்டிருந்தார்கள். மேம்பாலம் கட்டப்போகிறார்களாம், விமான நிலையத்துக்குச் சீக்கிரம் போகலாமாம். எங்கள் வீட்டில் விமானம் ஏறியவர்கள் யாரும் இல்லை. கீழே இருக்கிறவர்களை எடுத்துக்கொண்டு போங்கள், பாலைவனத்துப் பக்கம் புது இடம் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அழுகிறவர்கள் அழுதார்கள், கத்துகிறவர்கள் கத்தினார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்ஷிரா அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஸியாத் தனியாக வரவேண்டும். மற்ற எலும்புகளோடு சாக்கில் கட்டி வரக்கூடாது. புது இடத்தில் தனியாகப் படுக்க வேண்டும், அவன் பக்கத்தில் பாய் விரிக்க அவளுக்கு இடம் வேண்டும். கஃபன் துணிக்கடையில் செத்தவர்களைப் போர்த்துகிற வெள்ளைத் துணி வாங்கிவந்து ஒரு சின்னப் பை தைத்தாள். தலையணை உறை அளவுதான் இருக்கும். இரட்டைத் தையல் போட்டு, வாயில் கயிறு கோத்தாள்.

பெண்கள் நிலவறைக்கு இறங்குவது வழக்கம் இல்லை. "நானும் வாரேன்" என்று அவள் நின்றபோது அண்ணன் காலில் விழாத குறையாகத் தடுத்தான்.

"நான் இருக்கேன்ல. எம் புள்ள இல்லையா அவன்?"

"தனியா எடுக்கணும்."

"தனியாத்தான்."

"ஹனஃபி மாமாகிட்டக் கேளு, எங்க படுக்க வச்சாருன்னு அவருக்குத் தெரியும். அந்தப் பந்துக் கிழவனோட எதுவும் கலந்துறக் கூடாது."

"கலக்காது இன்ஷிரா."

மறுநாள் இருட்டிய பிறகு அவன் வந்தான். முகம், கை, சட்டை எல்லாம் வெள்ளைப் புழுதி. உட்காரக்கூட இல்லை, குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டே இருந்தான். இன்ஷிரா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"எடுத்தியா?"

"எடுத்தாச்சு."

"பையிலயா?"

"பையிலதான். புது எடத்துல தனியா வச்சாச்சு. ஓரத்துல, சுவரு பக்கமா."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள். தூங்காதவன் என் அண்ணன்தான். பாலம் எழும்பி முடிகிற வரைக்கும் அத்தனை மாதமும் அவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கழுத்து வலி என்றான். சட்டைகளைக் கருக்கினான். வாடிக்கையாளர்களிடம் வசவு வாங்கினான்.

பெருநாள் வந்தது. புது இடத்தில் வேலை முடியவில்லை என்று அதுவரை பெண்களை விடவில்லை, நாங்கள் போவது இதுதான் முதல் தடவை. இரண்டு வேன் மாறி, கடைசியில் ஒரு டுக்டுக் பிடித்து, வெறும் மணல்வெளியில் இறங்கினோம். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே அளவு சிமெண்டுத் திட்டுகள், எண் போட்டு வரிசை வரிசையாக. சுவர் என்று அண்ணன் சொன்னது முழங்கால் உயரம். மரம் கிடையாது, நிழல் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. நான் வாய்விட்டே சொன்னேன், "அடப்பாவிகளா, செத்தவனுக்குக்கூட இங்க வேர்க்கும்." யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் எங்கள் திட்டைக் காட்டினான். அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு மேடு. இன்ஷிரா நேரே அதன் பக்கத்தில் போய்ப் பாயை விரித்தாள், கூடையைத் திறந்தாள், கையை மேட்டின் மேல் வைத்தாள். சிமெண்டு கொதித்திருக்கும். அவள் எடுக்கவில்லை.

"வந்துட்டோம் ராஜா. கொஞ்சம் தூரமாத்தான் இருக்கு. பரவால்ல, வண்டி இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல ஒரு மரம் வச்சிடறேன். கிழவன் இங்க இல்ல, பயப்படாத. நீ மட்டும்தான்."

அப்போது ஒரு காவலாளி வந்தான். இளவட்டம், கண்ணாடி போட்டிருந்தான்.

"இங்க உக்காரக் கூடாது. ஓதிட்டுக் கிளம்பணும்."

"பெருநாளுப்பா" என்றேன் நான்.

"எனக்கும்தான் பெருநாளு. சாப்பாட்டுக் கூடையெல்லாம் உள்ள விடமாட்டோம். பிக்னிக் போற எடமா இது?"

"ஆமா" என்றாள் இன்ஷிரா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "எங்களுக்கு அதான்."

அவன் என்னைப் பார்த்தான். நான் பார்த்த பார்வையில் இரண்டடி பின்னால் போய், "சீக்கிரம் முடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். இன்ஷிரா ஒரு பிஸ்கோத்தை உடைத்து, பாதியை ஹயாமிடம் கொடுத்து, மீதியை மேட்டின் மேல் தூவினாள். எறும்புகூட இல்லாத இடம் அது. சட்டையின் கையால் சிமெண்டின் மேலிருந்த மணலைத் துடைத்துத் துடைத்துவிட்டாள். தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி தடவினாள்.

என் அண்ணன் அதுவரை நின்றுகொண்டிருந்தான். திடீரென்று மணலில் மண்டியிட்டான்.

"தடவாத இன்ஷிரா. அங்க அவன் இல்ல."

அவள் கை நின்றது.

"அந்தப் பையில மண்ணுதான் இருக்கு. நான்தான் அள்ளிப் போட்டேன்."

ஹயாம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். துண்டு துண்டாக வந்தது, நான் கோத்துச் சொல்கிறேன். பெரியவாப்பாவை இறக்கிய அன்று உள்ளே இடமே இல்லையாம். ஹனஃபி பழையவர்கள் எல்லாரையும் ஒரு மூலையில் ஒதுக்கித்தான் அவருக்கு இடம் பண்ணினாராம். காவலர்கள் செய்கிற வழக்கம் அது, யாரும் அதைப் பேசுவதில்லை. ஸியாத்தையும் அந்த மூலைக்குத்தான் ஒதுக்கினாராம். பிள்ளையைப் பெற்றவள் மேலே நிற்கிறாள், என்ன சொல்ல முடியும் என்று சத்தியம் பண்ணிவிட்டாராம். பிரித்தெடுக்கப் போனபோது பெரிய எலும்புகள் கையில் வந்தன, சின்னது எது யாருடையது என்று தெரியவில்லை. மேலே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வா, வெளியே வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"விளக்க வச்சுக்கிட்டு மண்ண கையால சலிச்சேன். சத்தியமாச் சலிச்சேன். அவனோடதுன்னு ஒண்ணுமே தட்டுப்படல இன்ஷிரா. வெறும் பையோட உன் முன்னாடி எப்படி வந்து நிப்பேன்? அவன் அங்கயேதான் இருக்கான். மேல சிமெண்டு ஊத்திட்டாங்க."

எனக்கு அவன் மேல் வந்த கோபத்தில் அடித்தே இருப்பேன். ஆனால் அடிப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை. புழுதிக் கையோடு குழாயடியில் நின்றவன்தான் என் கண்ணுக்குத் தெரிந்தான். இத்தனை நாள் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு எப்படி இருந்தானோ. இன்ஷிரா கையை மேட்டிலிருந்து மெல்ல எடுத்தாள். தூவின பிஸ்கோத்துத் துகளை விரலால் கூட்டிக் கூடையில் போட்டுக்கொண்டாள். பாயைச் சுருட்டினாள்.

"எழுந்திரு" என்றாள் அண்ணனிடம். "அவன் தனியா இருக்கான்."

வந்த வழியே வேன் ஏறித் திரும்பினோம். ஊருக்குள் நுழைந்து புது மேம்பாலத்தில் ஏறியதும் இன்ஷிரா ஓட்டுநரின் தோளைத் தட்டினாள். அவன், "பாலத்து மேலயா? போலீஸ்காரன் பாத்தா யாரு பதில் சொல்றது?" என்று முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினான்.

பாலம் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, அதற்குள் ஊரே அதைக் கண்டுபிடித்துவிட்டது. மாலைக் காற்றுக்கு நடைபாதை முழுக்கக் குடும்பங்கள். மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பிள்ளைகளை அதன் மேல் உட்கார வைத்திருந்தார்கள். ஊறவைத்த பருப்பு விற்கிறவன், கொண்டைக்கடலைச் சாறு விற்கிறவன், பலூன்காரன். புதுச் சட்டைகள், கையெல்லாம் மருதாணி. காசில்லாமல் காற்று வாங்க இப்படி ஓர் இடம் கிடைத்தால் எங்கள் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். வேறு நாளாக இருந்தால் இன்ஷிராவே முதல் ஆளாக வந்திருப்பாள்.

அவள் கைப்பிடிச் சுவரை ஒட்டி நடந்துகொண்டே கீழே பார்த்தாள். எல்லாம் சமதளம், தூண்கள், சிமெண்டு. எதை வைத்து எதைக் கண்டுபிடிப்பது? ஹயாம்தான் கை நீட்டினாள்.

"உம்மா, அந்தப் பச்சக் கதவு. அது நமக்குப் பக்கத்து முற்றம்ல? அத மட்டும் இடிக்கல. அதுக்கு இந்தப் பக்கம்தான் நம்மளது."

இன்ஷிரா எட்டிப் பார்த்தாள். பச்சைக் கதவிலிருந்து கண்ணால் அளந்துகொண்டே இரண்டு தப்படி தள்ளி வந்தாள். பிறகு அந்த நடைபாதையில், இரண்டு குடும்பங்களுக்கு நடுவே, பாயை விரித்து உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். கூடையைத் திறந்து முட்டைகளை எடுத்து வைத்தாள்.

தேநீர்க்காரன் வந்தான். பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கையில் அடுக்கிப் பிடித்திருந்தான். இந்த மாதிரி இடங்களில் நடைபாதையைத் தங்களுக்குள் கூறு போட்டுக்கொண்டு, நாற்காலி எடுத்தால்தான் உட்காரவிடுவார்கள்.

"ஹாஜியம்மா, பாய் விரிக்கக் கூடாது. நாற்காலி எடுத்துக்குங்க, டீ சொல்லுங்க. இல்லன்னா தள்ளிப் போங்க."

"நாங்க இங்கதான் உக்காரணும்" என்றாள் இன்ஷிரா.

"இங்கதான்னா? இந்த எடம் யாரோடது தெரியுமா?"

"தெரியும். எம் மகனோடது."

அவன் முகம் மாறியது. நாற்காலிகளைக் கீழே வைத்தான். ஏதோ காவல் நிலையத்து அதிகாரி, இல்லை பாலத்தையே குத்தகைக்கு எடுத்த ரவுடி என்று நினைத்திருப்பான்.

"மகனா? யாரு? பேரு என்னங்க?"

"ஸியாத். ஸியாத் லுத்ஃபி."

அவன் யோசித்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

"கேள்விப்பட்டதில்லையே. புதுசா வந்திருக்காரா?"

"இல்லப்பா. உங்க எல்லாருக்கும் முன்னாடியே வந்துட்டான்."

"மன்னிச்சுக்குங்க ஹாஜியம்மா, தெரியாமப் பேசிட்டேன். நீங்க பாயே விரிச்சுக்குங்க. எவனும் உங்கள எழுப்ப மாட்டான், நான் பாத்துக்கறேன்." அவசர அவசரமாக நாலு கிளாஸில் தேநீர் ஊற்றி எங்கள் முன்னால் வைத்தான். காசை நீட்டின அண்ணனின் கையைத் தள்ளிவிட்டான். "வேணாம், வேணாம். அவருகிட்ட நம்ம பேர மட்டும் ஒரு வார்த்த சொல்லி வைங்க. ஷஃபான்னு சொன்னாப் போதும்."

"சொல்றேன்" என்றாள் இன்ஷிரா.

அவன் சலாம் வைத்துவிட்டு அடுத்த குடும்பத்தைப் பார்க்கப் போனான். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொன்றுக்கும் பாலம் லேசாக அதிர்ந்தது. என் மதினி பாயின் ஓரத்தை மடித்துவிட்டு, குனிந்து, நெற்றி கிட்டத்தட்டச் சிமெண்டில் படுகிற மாதிரி வாயை வைத்தாள்.

"ஸியாத், ஷஃபான்னு ஒரு அண்ணன் நம்மள உக்கார விட்டாரு. நல்ல மனுஷன்டா. டீகூடக் குடுத்தாரு."

அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அண்ணன் அவள் முதுகில் கை வைத்தான். பக்கத்துக் குடும்பத்துப் பெண் எங்களைப் பார்த்துவிட்டு, பெருநாளும் அதுவுமாக என்ன அழுகை என்று புரியாமல், ஒரு கை நிறையப் பருப்பை எடுத்துவந்து எங்கள் பாயில் வைத்துவிட்டுப் போனாள்.